கொடுத்த சர்க்கார் கணக்குக் கேட்டது

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



"முதலாளித்துவமும் விரைவான பொருளாதார அபிவிருத்தியும்: அவற்றில் அரசாங்கத்தின் பங்கு" என்பது இன்று காலை எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இதை வரவேற்புரையில் வாசித்தபோதே பின்வரிசையில் ஒரு பெரியவர் தம் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளச் சுவர் ஓரமாக இடம் பார்த்ததைக் கவனித்தேன். அவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. கல்லூரியில் பொருளாதாரம் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே கோட்பாடுகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் எல்லோருக்கும் பழக்கமான சிமெண்டு மூட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

1970ஆம் ஆண்டில் தென்கொரிய நாட்டில் சிமெண்டு தேவைக்கு மேல் உற்பத்தியாகித் தேங்கிக் கிடந்தது. அந்நாட்டு அரசாங்கம் அதை எடுத்து, நாட்டிலிருந்த 33,000க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு, ஊர் பெரிது சிறிது என்று பாராமல், கிராமத்துக்கு ஏறத்தாழ 335 மூட்டை வீதம் அனுப்பி வைத்தது. மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ. ஊரின் பொதுக் காரியத்துக்கே அதை உபயோகிக்க வேண்டும், வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொள்ளலாகாது என்பது நிபந்தனை. சில ஊர்கள் தெருவை அகலப்படுத்தின. சில ஊர்கள் ஓடையின்மீது சிறு பாலம் கட்டின. சில, கிணற்றுக்குச் சுவர் எழுப்பின. துணி துவைக்கும் துறையைச் சீர்செய்தன. வேறு சில ஊர்களில் ஒன்றும் நடைபெறவில்லை. மூட்டை வந்தது, கிடந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி. அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். நன்றாக வேலை செய்தவை என்று சுமார் 16,600 கிராமங்களைப் பொறுக்கினார்கள். அந்தக் கிராமங்களுக்கு இம்முறை 500 மூட்டை சிமெண்டும் ஒரு டன் இரும்புக் கம்பியும் கொடுத்தார்கள். மற்ற கிராமங்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கொடுக்காதது மட்டுமன்று, ஏன் கொடுக்கவில்லை என்பதையும் பகிரங்கமாகச் சொன்னார்கள். தேர்தலில் நிற்பவர் எவருக்கும் இப்படிச் செய்யும் துணிவு எளிதில் வருவதில்லை, உங்களுக்கே தெரியும். அதன் விளைவைப் பாருங்கள்: உதவி மறுக்கப்பட்ட கிராமங்களில் ஆயிரக்கணக்கானவை, பக்கத்து ஊரின் புதிய பாலத்தைப் பார்த்துவிட்டு, தம் சொந்தச் செலவிலேயே வேலையில் இறங்கின. ஊருக்கு ஓர் ஆண், ஒரு பெண் எனத் தலைவர் இருவர் சம்பளமின்றி உழைத்தனர். பெண்கள் சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேமித்தார்கள். நம் பாட்டிமார் அறிந்த பிடியரிசி வழக்கமேதான். "புதிய கிராம இயக்கம்" என்று பொருள்படும் "சேமாவுல் உண்டோங்" என்ற பெயரில் இது உலகெங்கும் பேசப்பட்டது.

இதைக் கிராமப் புனரமைப்பின் கதையாக மட்டும் கருதிவிடலாகாது. அந்த அரசாங்கம் சிமெண்டு மூட்டையில் கையாண்ட முறையைத்தான், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தன் நாட்டு முதலாளிகளிடமும் கையாண்டு வந்தது. கொடு, கொடுத்ததற்குப் பலன் கேள், பலன் இல்லையேல் அடுத்த முறை கையை மூடு. இதுவே முறை.

அந்நாட்டின் நிலையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பரப்பளவில் அது நம் தமிழ்நாட்டைவிடச் சிறியது. 1910 முதல் 1945 வரை ஜப்பானியருக்கு அடிமைப்பட்டிருந்தது. 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தில் ஊர்களும் ஆலைகளும் பாழாயின. 1960இல் பிலிப்பைன்ஸ் நாடு தென்கொரியாவைவிட வசதியாக இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். 1961இல் ஆள் ஒன்றுக்கு ஆண்டு வருமானம் 100 டாலருக்கும் குறைவு. இன்றோ 30,000 டாலரைத் தாண்டிவிட்டது. 1967இல் தொடங்கப்பட்டு, அயல்நாட்டுக் கம்பெனியின் காரை உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொடுப்பதில் தொழிலை ஆரம்பித்த ஹூண்டாய் மோட்டார் கம்பெனி, 1998 முதல் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி செய்துவருகிறது. நம் ஒன்றியத்துப் பிள்ளைகள் சிலரும் அங்கே வேலைக்குப் போகிறார்கள்.

இந்த வளர்ச்சி எப்படி வந்தது? சந்தையைச் சுதந்திரமாக விட்டதால் வந்தது என்பர் சிலர். அரசாங்கம் எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்ததால் என்பர் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மை. வண்டியும் மாடும் முதலாளிக்குச் சொந்தமாக இருந்தன. மூக்கணாங்கயிறு மட்டும் சர்க்காரின் கையில் இருந்தது.

ஆனால் கயிற்றைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். விவசாயிகளாகிய உங்களுக்கு இதுவே முக்கியமான பகுதி. வெளிநாட்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற பகுதியும் இதுவே.

விடுதலைக்கு முன் கொரியாவில் குத்தகைக்கு உழுதவன் விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நிலக்காரனுக்கு அளந்தான். 1946இல் வடகொரியா ஈடு எதுவும் தராமல் நிலத்தைப் பறித்து உழுபவருக்குப் பங்கிட்டுவிட்டது. அச்செய்தி தெற்கே பரவியபின் அங்கே எவரும் நிம்மதியாக உறங்க முடியவில்லை. 1949இல் சட்டம் பிறந்தது. 1950இல் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 3 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏழரை ஏக்கர்தான் உச்சவரம்பு. அதற்கு மேற்பட்ட நிலமும், தானே உழாதவரின் நிலமும் உழுபவருக்குப் போயின. விலை, ஓராண்டு விளைச்சலைப்போல் ஒன்றரை மடங்கு. அதையும் ஆண்டுக்கு 30 சதவீத விளைச்சல் வீதம் ஐந்து ஆண்டுகளில் கட்டினால் போதும். முன்பு பாதி விளைச்சலை முடிவில்லாமல் அளந்தவன், இப்போது அதைவிடக் குறைவாக ஐந்தே ஆண்டுகள் அளந்து நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான்.

பழைய நிலக்காரருக்குச் சர்க்கார் கடன் பத்திரம் கொடுத்தது. யுத்தகால விலைவாசியில் அந்தப் பத்திரத்தின் மதிப்புக் கரைந்து போயிற்று. பெரும் நிலவுடைமையாளர் என்ற வகுப்பே சில ஆண்டுகளில் இல்லாமல் போய்விட்டது. நம் மாகாணத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் 30 தர ஏக்கரை உச்சவரம்பாக வைத்ததையும், 1970இல் அதை 15 ஆகக் குறைத்ததையும் மூத்தவர்கள் அறிவீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கே செய்யப்பட்டது எவ்வளவு ஆழமான காரியம் என்பது விளங்கும்.

நிலம் கிடைத்தவுடன் பசி நீங்கிவிடவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. நகரத்தாருக்காக நெல் விலையைச் சர்க்கார் தாழ்த்தி வைத்தது. அமெரிக்கத் தானியமும் வந்து குவிந்தது. நெல் தீர்ந்து, வாற்கோதுமை அறுவடைக்கு வராத இளவேனிற் காலத்துப் பட்டினிக்கு "வாற்கோதுமைக் கணவாய்" என்று அவர்கள் ஒரு பெயரே வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் ஏறிக் கடக்க வேண்டிய கணவாய்! ஆனால் நிலம் தன்னுடையதாகிவிட்டபடியால், விவசாயி தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினான். அந்தப் பிள்ளைகளே பிறகு ஆலைகளில் நின்றார்கள். 1971இல் தெருவுக்குச் சிமெண்டு போட்டவனும், யாரோ ஒரு மிராசுதாரின் களத்துக்குப் பாதை போடவில்லை. தன் வயலுக்குத்தான் போட்டான்.

இனி முதலாளிகளிடம் வருவோம். 1961 மே மாதம் ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார். முறைகேடாகப் பணம் சேர்த்ததாகப் பெரிய வியாபாரிகள் பலரைக் கைது செய்தார். பிறகு, நாட்டுக்குத் தேவையான தொழிற்சாலைகளைக் கட்டித் தரவேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரில் விடுவித்தார். வங்கிகளை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தார். 1962இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. அன்று முதல் கடன் வேண்டுமென்றால் சர்க்காரின் வாசலுக்குத்தான் வரவேண்டும். சந்தை வட்டியைவிட மிகக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். ஆனால் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும்.

ஏற்றுமதியை ஏன் அளவுகோலாக வைத்தார்கள்? சற்று யோசித்துப் பாருங்கள். உள்நாட்டில் விற்கும் முதலாளி பலவிதமாக ஏமாற்றலாம். அயல்நாட்டுச் சரக்கு வராமல் வரியைப் போடச் சொல்லி, மட்டமான பொருளை நம் தலையில் கட்டலாம். அதிகாரியின் நட்பினால் நல்ல பெயர் வாங்கலாம். ஆனால் நியூயார்க்கில் கடையில் நின்று ஒரு செயற்கைத் தலைமுடியைப் புரட்டிப் பார்க்கும் பெண்மணி, கொரிய மந்திரியின் முகத்துக்காக அதை வாங்கமாட்டாள். நன்றாக இருந்தால் வாங்குவாள். இல்லையேல் வைத்துவிட்டுப் போவாள். அவளைவிட நேர்மையான தணிக்கையாளர் வேண்டுமா? தலைமுடி என்று நான் சொன்னது கற்பனையன்று. 1960களில் செயற்கைத் தலைமுடி அந்நாட்டின் முக்கியமான ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்று. ஒட்டுப்பலகை, துணிமணி என்று அப்படித்தான் தொடங்கினார்கள். ஏற்றுமதிக்கென்றே மாதாந்தரக் கூட்டம் நடக்கும். ஜனாதிபதியே வந்து உட்காருவார். குறித்த அளவை எட்டாதவர் காரணம் சொல்ல வேண்டும். 1964இல் ஆண்டு ஏற்றுமதி 10 கோடி டாலரை எட்டியது. 1977இல் 1,000 கோடி டாலர்.

ஆலிஸ் ஆம்ஸ்டன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1989இல் இந்நாட்டைப்பற்றி ஒரு நூல் எழுதினார். பின்தங்கிய நாடுகளின் அரசாங்கங்கள் எல்லாமே தம் தொழில்களுக்குச் சலுகை கொடுத்தன. சலுகைக்குப் பதிலாகச் செயலைக் கேட்டு வாங்கியதில்தான் கொரியா வேறுபட்டது என்பது அவர் கண்ட முடிவு. நான் சொல்லிவரும் சிமெண்டுக் கதையின் சாரமும் அதுவே.

முதலாளி எவரும் துணியாத இடத்தில் அரசாங்கம் தானே இறங்கியதும் உண்டு. போஹாங் என்ற கடற்கரை ஊரில் எஃகு ஆலை கட்ட 1968இல் கம்பெனி அமைத்தார்கள். உலக வங்கி இது இப்போது வேண்டாத முயற்சி என்றது. மேல்நாட்டார் கடன் தர மறுத்தனர். 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜப்பான் கொடுக்க ஒப்புக்கொண்ட பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினார்கள். அது முன்னோர் பட்ட துன்பத்துக்கு ஈடான பணம், ஆலை தோற்றால் எல்லோரும் வலப்புறம் திரும்பி நடந்து கடலில் விழுந்து மடிவோம் என்று அதன் தலைவர் பார்க் தே ஜூன் தொழிலாளரிடம் சொன்னதாகக் கூறுவர். 1973இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்ற அளவில் ஆலை ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் கப்பலுக்கும் காருக்கும் எஃகு கொடுத்தது அதுவே. 2000 வரையில் அதில் அரசாங்கத்துக்குப் பங்கு இருந்தது.

இதுவரை கேட்டதை வைத்து, "அப்படியானால் கண்டிப்பான ஓர் ஆட்சி இருந்தால் போதும்" என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மறுபக்கம் இருக்கிறது, அது உங்கள் வயலிலேயே இருக்கிறது.

ஐ.ஆர். 8 நெல்லை நம் பெரியவர்கள் பயிரிட்டிருக்கிறார்கள். அதே பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, ஐ.ஆர். 8ஐ ஒரு பெற்றோராகக் கொண்டு, கொரியர்கள் "தோங்கில்" என்ற ரகத்தை உருவாக்கி 1972 முதல் நாடெங்கும் பரப்பினார்கள். விளைச்சல் அபாரம். 1977இல் அரிசி உற்பத்தி 60 லட்சம் டன் ஆயிற்று. நாடு தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டது. ஆனால் அந்த அரிசி சுவையாக இல்லை என்பதும், குளிரைத் தாங்காது என்பதும் விவசாயிக்குத் தெரியும். பழைய ரகத்தை நாற்றுவிட்டவர்களின் நாற்றங்காலை மிதித்து அழித்த உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். ஏனெனில் மேலிடத்தில் அவர்கள் காட்ட வேண்டிய இலக்கு ஒன்று இருந்தது. 1980இல் கோடைகாலம் குளிர்ந்து போயிற்று. அரிசி உற்பத்தி சுமார் 35 லட்சம் டன்னுக்கு விழுந்தது. அந்த ரகம் பிறகு மெல்ல மெல்ல வயலைவிட்டே மறைந்தது. அவ்வாறே, கூரை வேய்ந்த வீடுகளையெல்லாம் அவசர அவசரமாக ஆஸ்பெஸ்டாஸ் ஓடாக மாற்றினார்கள். அது உடம்புக்குத் தீங்கானது என்று கண்டு, இந்த நூற்றாண்டில் அதே அரசாங்கம் பணம் செலவழித்து அந்த ஓடுகளைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஆலைத் தொழிலாளியிடம் பலன் கேட்ட வேகமோ இதைவிடக் கொடியது. 1970 நவம்பர் 13ஆம் தேதி, சியோல் நகரத் துணிச் சந்தையில் சோன் தே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, ஏட்டில் மட்டும் இருந்த தொழிலாளர் சட்டத்தை அமல்செய்யக் கோரித் தன் உடலில் தீயிட்டுக்கொண்டு மாண்டான். 1972இல் அரசியல் சட்டமே மாற்றப்பட்டு, ஜனாதிபதியை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி ஆயிற்று. 1980இல் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்டவர்கள்மீது ராணுவம் பாய்ந்தது. 1987இல்தான் ஜனங்கள் தம் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மீண்டும் பெற்றார்கள்.

முதலாளிகளின் மூக்கணாங்கயிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர்கள் பெருத்துப்போனபின் கயிறு பயன்படவில்லை. விழவிட்டால் வங்கியும் சேர்ந்து விழும் என்ற நிலைக்கு வந்துவிட்டவனிடம் யார் கையை மூட முடியும்? 1997 ஜனவரியில் ஹான்போ என்ற இரும்புத் தொழிற் குழுமம் மலைபோன்ற கடனோடு சரிந்தது. அதற்குக் கடன் வாங்கித் தந்ததில் லஞ்சம் கைமாறியதும் வெளிப்பட்டது. அந்த ஆண்டின் முடிவுக்குள் நாடே சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றது. கணக்குக் கேட்பவன் பங்காளியாகிவிட்டால் இப்படித்தான் முடியும்.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்க நினைக்கிறேன். இந்த ஒன்றியத்தில் அன்று. முன்பு நான் பணியாற்றிய வேறொரு ஒன்றியத்தில். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டுக்கு நெற்களம் அமைக்கச் சம அளவில் சிமெண்டு கொடுத்தோம். முதல் ஊர் தை அறுவடைக்குள் களத்தை முடித்து, நெல்லையும் காயப்போட்டுவிட்டது. இரண்டாவது ஊரில் எந்தத் தெருப் பக்கம் களம் அமைப்பது என்ற சச்சரவு ஐப்பசி வரை நீண்டு, அடைமழையில் மூட்டைகள் நனைந்து பாறையாக இறுகிப்போயின. அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வந்தபோது நான் என்ன செய்தேன்? இரண்டு ஊருக்கும் மீண்டும் சமமாகவே எழுதினேன். முதல் ஊரின் தலைவியம்மா அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, நாங்கள் வேலையை முடித்தோம். அவர்கள் முடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கூலிதானா?" என்று கேட்டார். நான் விதிகளின் கோப்பை எடுத்துக் காட்டினேன். அவர் படிக்காமலே திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

நீண்ட நாள் அந்தக் கேள்விக்குக் கொரியாவில் விடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள் இரண்டாவது ஊருக்குப் போனேன். அங்கே களத்தைப்பற்றிச் சச்சரவிட்டவர்கள் நிலம் உள்ள நான்கைந்து குடும்பத்தார். ஒதுக்கீட்டை நான் நிறுத்தியிருந்தால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்திராது. அதே ஒதுக்கீட்டில்தான் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போகும் பாதைக்கும் பணம் இருந்தது. மழை நாளில் முழங்கால் சேற்றில் பள்ளிக்கூடம் போகும் அந்தப் பிள்ளைகள் எந்தச் சச்சரவிலும் இல்லை. கொரியக் கிராமத்தில் நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தரத்துக் குடியானவர்கள். ஊருக்கு மறுத்தால் ஊரார் எல்லோருக்கும் மறுத்ததாகும், எல்லோருக்கும் உறைக்கும். நம் ஊர் அப்படியன்று. இங்கே ஊருக்கு மறுப்பது பல சமயம் எளியவனுக்கு மட்டுமே மறுப்பதாகிவிடுகிறது.

ஆகவே என் கருத்தை இப்படி வைக்கிறேன், நீங்கள் மறுக்கலாம். குடிநீர், பள்ளிக்கூடம், குடியிருப்புகளுக்குப் பாதை, ரேஷன் ஆகியவற்றில் எந்த ஊருக்கும் பரீட்சை வைக்கக் கூடாது. களம், கிடங்கு, சந்தைக் கொட்டகை, உழவர் குழுக்களுக்கு மானியம், தொழில் தொடங்குவோருக்குக் கடன் போன்றவற்றில் முதல் தவணைக்குக் கணக்குக் காட்டாதவருக்கு இரண்டாம் தவணை கூடாது. அவர் தலைவரின் மைத்துனராக இருந்தாலும் கூடாது. வேலை முடிந்ததா என்று சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள் மட்டுமல்லர். கிராம சபையில் எழுந்து நின்று எவரும் சொல்லலாம். கொரியருக்குக் கிடைக்காத வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே சர்க்கார் எல்லோரிடமும் கணக்குக் கேட்டது. சர்க்காரிடம் கேட்க 1987 வரை ஆள் இல்லை.

மணி பன்னிரண்டரை ஆகிறது. பெரியவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் வேலைப் பதிவேட்டை எடுத்துச் சென்ற ஆண்டு வந்த பொருள் எவ்வளவு, நின்ற வேலை எது என்று வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றிய அலுவலகக் கிடங்கின் பதிவேட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் அதை நான் வாசிக்கிறேன். கேள்விகளை அங்கிருந்தே தொடங்குங்கள்.